சோற்றுத் தட்டில் தொற்றாது, சவரக் கத்தியில் தொற்றும்: சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஹெபடைடிஸ் பி வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டு ஊழியர்கள் வரும் ஒரு மருந்தகத்தில் (கிளினிக்கில்) மொழிபெயர்த்து உதவுகிறேன். சென்ற ஆண்டு அங்கே ஒரு தம்பி வந்தார். வயது 26, பட்டுக்கோட்டைப் பக்கம். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாளொன்றை எடுத்து நீட்டினார். ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பதாக அதில் எழுதியிருந்தது. மருந்தைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். "அண்ணா, நான் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடலாமா?" என்று கேட்டார். மூன்று மாதமாக விடுதி அறையில் தனியாக, காகிதத் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அறையில் 12 பேர். யாரும் அவரைத் திட்டவில்லை. அவருடைய தட்டையும் குவளையையும் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

மருத்துவர் ஒன்று கேட்டார், நான் தமிழில் கேட்டேன்: "சவரம் எதில் செய்கிறீர்கள்?"

"அறையில் ஒரு ரேசர் இருக்கிறது. எல்லோருக்கும் அதுதான்."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. தொற்றாத வழியை அடைப்பதற்காக ஒரு மனிதரை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். தொற்றும் வழியோ முகம் கழுவும் இடத்து அலமாரியில் திறந்தே கிடக்கிறது.

இந்த வழிகாட்டியை அதற்காகவே எழுதுகிறேன். வேலைக்கு வந்தவர்கள், வீட்டுப் பணிக்கு வந்த பெண்கள், கணவரோடு சேர வந்தவர்கள், படிக்க வந்தவர்கள், எல்லோருக்கும் இது பொருந்தும். வரிசையாகப் படியுங்கள். இப்போதுதான் ஊசி குத்திவிட்டது, யாருடைய ரத்தமோ காயத்தில் பட்டுவிட்டது என்றால் ஆறாம் படிக்கு நேராகப் போய்விடுங்கள்.

முதல் படி: எந்த மஞ்சள் காமாலை என்று கேளுங்கள்

நம் ஊர்ப் பேச்சில் கண் மஞ்சளானால் எல்லாமே மஞ்சள் காமாலைதான். உண்மையில் அது நோயின் பெயரன்று, நோயின் அடையாளம். கல்லீரல் புண்படும்போது பித்தத்தின் மஞ்சள் நிறமி ரத்தத்தில் தேங்கிக் கண்ணிலும் தோலிலும் தெரிகிறது. கல்லீரலைப் புண்படுத்தும் வைரஸ்கள் பல. ஏ, இ வகைகள் அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வருகின்றன. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானே விலகிவிடும். பி வகை ரத்தத்தாலும் சில உடல் நீர்களாலும் பரவுகிறது. சிலருடைய உடலில் ஆயுள் முழுவதும் தங்கிவிடுகிறது.

இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் தட்டைப் பிரிக்கிறோம். காமாலை கண்டவருக்குத் தனித் தட்டு வைத்த நம் பாட்டிமார் தவறு செய்யவில்லை. தண்ணீரால் வரும் வகைக்கு அது பொருத்தமான எச்சரிக்கை. அதையே பி வகைக்கும் பொருத்தும்போதுதான் பிழையாகிவிடுகிறது.

கீழாநெல்லியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்கிறார்கள். இந்த வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்றவர் பாரூக் புளூம்பெர்க். அவரோடு சேர்ந்து சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1988இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கீழாநெல்லி சாப்பிட்டவர்களில் பலருடைய ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது என்று அது சொன்னது. பெரிய நம்பிக்கை தந்த செய்தி. பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே ஊரிலிருந்து பொடி வரவழைத்துச் சாப்பிட்டுக்கொண்டு மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப் போடாதீர்கள். மருந்து எடுப்பவர்கள் எந்தப் பொடி சாப்பிட்டாலும் அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் படி: தொற்றும் வழிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தக் கிருமி அதிகமாக இருப்பது ரத்தத்தில். விந்துவிலும் பெண்ணுறுப்பின் நீரிலும் இருக்கிறது. தொற்றுவதற்குக் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமே போதும். உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்திலும்கூட, குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். இந்த 7 நாள் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் எல்லாமே தானாக விளங்கும்.

அறையிலுள்ள ரேசரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டு பிளேடுகளுக்கு நடுவே நுரை காய்ந்து வெள்ளைப் பொருக்காக ஒட்டியிருக்கும். அதற்குள் கறுப்பாக முடித் துணுக்குகள், தோல் செதில்கள். நேற்று ஒருவருக்குத் தாடையோரப் பரு கீறியிருந்தால் அந்தத் துளியும் அங்கேதான் இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் இரண்டு தட்டுத் தட்டினால் அது போய்விடாது. இன்று நீங்கள் அதை எடுத்து உங்கள் கன்னத்தில் இழுக்கிறீர்கள். பிளேடு போகும் இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுகின்றன. காய்ந்த ரத்தம் அந்தக் கீறலுக்குள் நேராகப் போகிறது. பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, முடி வெட்டும் டிரிம்மர், கால் ஆணி சீவும் பிளேடு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஈறிலிருந்து ரத்தம் கசியாத வாய் குறைவு. விடுதிக் குவளையில் நான்கைந்து பிரஷ்கள் தலையோடு தலை ஒட்டி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறுகிறது.

ஆகவே இன்றே செய்ய வேண்டியது: உங்களுக்கென்று ஒரு ரேசர், ஒரு பிரஷ், ஒரு நகவெட்டி. ஒரு சிறிய ஜிப் பையில் போட்டு உங்கள் பெட்டியில் வையுங்கள். கைப்பிடியில் வண்ண நாடா சுற்றிவிட்டால் அரைத் தூக்கத்திலும் மாறாது. இதற்கு ஆகும் செலவு சில வெள்ளிகள் (டாலர்கள்).

தேக்காப் பக்கம் (லிட்டில் இந்தியா) முடி வெட்டப் போனால் சவரத்துக்குப் புதிய பிளேடு போடச் சொல்லுங்கள். காகித உறையைக் கிழித்து உங்கள் கண் முன்னால் பிளேடை மாட்டுகிறாரா என்று பாருங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

தாயிடமிருந்து குழந்தைக்கு என்பது ஆசியாவில் மிக முக்கியமான வழி. பிரசவத்தின்போது தாயின் ரத்தம் குழந்தையின் உடலில் படுகிறது, கிருமி அப்போது போய்ச் சேர்கிறது. இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். பிறந்தபோது தொற்றினால் 10 குழந்தைகளில் ஏறக்குறைய 9 பேருக்கு அது நாட்பட்ட நோயாகத் தங்கிவிடும். நலமாக இருக்கும் பெரியவருக்குத் தொற்றினால் 100 பேரில் 5 பேருக்கும் குறைவாகத்தான் தங்கும். மற்றவர்களின் உடல் தானே விரட்டிவிடும். அப்படியானால், பரிசோதனையில் இன்று கிருமி தெரிந்த 26 வயதுத் தம்பிக்கு அது எங்கிருந்து வந்திருக்கும்? பெரும்பாலும் பிறந்த நாளிலோ குழந்தைப் பருவத்திலோ வந்திருக்கும். "எங்கே போய் வாங்கி வந்தாய்?" என்று கேட்டு ஒருவருடைய நடத்தையைச் சந்தேகிப்பவர்கள் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கேள்வி எத்தனையோ பேரைப் பரிசோதனைக்கே வரவிடாமல் செய்திருக்கிறது.

உடலுறவு மற்றொரு வழி. எவருடைய ரத்தத்தில் கிருமி இருக்கிறதென்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, பெரும்பாலோருக்கு அறிகுறியே இராது. ஆணுறை பயன்படுத்துங்கள். கணவன் மனைவியில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர் பரிசோதித்து, தடுப்பூசி போட்டு, எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது என்று ரத்தப் பரிசோதனையில் தெரியும்வரை ஆணுறை வேண்டும். பிறகு இந்த நோயை நினைத்து விலகியிருக்கத் தேவையில்லை.

சர்க்கரை பார்க்கும் ஊசியைப் பற்றி யாரும் எச்சரிப்பதில்லை, நான் எச்சரிக்கிறேன். நம் வீடுகளில் சர்க்கரை நோய் அதிகம். ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் மாமனாருக்கும் மாமியாருக்கும் ஒரே கருவி. பக்கத்து வீட்டு அக்கா வந்தால் அன்பாக அவருக்கும் ஒரு குத்து. ஊசியை மாற்றினாலும் விரலில் வைத்து அழுத்தும் பேனா போன்ற கருவியின் முனையில் ரத்தம் பட்டிருக்கும். குத்தும் கருவியை ஆளுக்கு ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பணிக்கு வந்த சகோதரிகள் ரத்தம் பார்க்கும்போதும், புண்ணுக்குக் கட்டுப் போடும்போதும், தாத்தாவுக்குச் சவரம் செய்யும்போதும் கையுறை அணியுங்கள். பயன்படுத்திய ஊசியைக் குப்பைப் பையில் போடாமல் மூடியுள்ள கெட்டி பிளாஸ்டிக் போத்தலில் போடுங்கள். வீட்டு முதலாளியிடம் கையுறை கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது, உங்கள் வேலைக்குத் தேவையான பொருள் அது.

பச்சை குத்துவதும் காது, மூக்கு குத்துவதும் உரிய கடையில், புதிய ஊசியில் என்றால் பயமில்லை. விடுதியில் நண்பர் ஒருவர் ஊசியும் மையும் வைத்துக்கொண்டு காதலியின் பெயரைக் குத்திவிடுகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதே ஊசி முந்தின வாரம் யார் கையில் இறங்கியதோ.

தைப்பூசத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் சாலை ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில்வரை காவடி எடுத்துப் போக வேண்டும் என்று இங்கு வந்த முதல் ஆண்டிலேயே பலர் நேர்ந்துகொள்கிறார்கள். நானும் பால்குடம் எடுத்திருக்கிறேன், அந்த வேண்டுதலின் அருமை எனக்குத் தெரியும். அலகு குத்திக்கொள்பவர்கள் ஒன்றை மட்டும் உறுதி செய்யுங்கள். வேலும் கொக்கியும் உங்களுக்கென்று வாங்கியவையாக, கிருமி நீக்கியவையாக இருக்கட்டும். நண்பர் சென்ற ஆண்டு குத்தியதை இரவல் வாங்க வேண்டாம். குத்திவிடுகிறவர் ஒவ்வொருவருக்கும் புதிய கையுறை மாற்றட்டும். திருநீறு பூசுவது பக்திக்கு. வைரஸைக் கொல்லும் வேலையை அதனிடம் ஒப்படைக்க முடியாது. எலுமிச்சம்பழத்தில் குத்தி எடுப்பதும் கிருமி நீக்கம் ஆகாது. கழற்றும்போதும் இதே கவனம் வேண்டும், ரத்தம் கசிவது அப்போதுதான்.

சிங்கப்பூர் மருத்துவமனை ஊசிக்கும், இங்கே ஏற்றும் ரத்தத்துக்கும் பயப்பட வேண்டாம். ஊசி ஒருமுறை பயன்படுத்தி எறியப்படுகிறது. தானமாக வரும் ரத்தம் ஹெபடைடிஸ் பி உள்ளிட்ட தொற்றுகளுக்குப் பரிசோதிக்கப்படுகிறது. ஆனால் சிறு வயதில் ஊரில் கண்ணாடிச் சிரிஞ்சில் ஊசி போட்டுக்கொண்ட தலைமுறையினர் ஒருமுறையாவது பரிசோதித்துக்கொள்வது நல்லது. போதைப்பொருள் ஊசியைப் பகிர்வது மிக வேகமாகத் தொற்றும் வழி. இந்த நாட்டில் அதன் மற்ற விளைவுகளைச் சொல்லத் தேவையில்லை.

மூன்றாம் படி: தொற்றாத வழிகளை மனத்திலிருந்து அழித்துவிடுங்கள்

ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே குவளையில் தேநீர் குடிப்பது, அவர் சமைத்ததைச் சாப்பிடுவது, கை குலுக்குவது, கட்டிப்பிடிப்பது, இருமல், தும்மல், ஒரே கழிவறை, நீச்சல் குளம், பக்கத்துக் கட்டில், எம்ஆர்டி ரயில் கைப்பிடி: இவற்றில் எதனாலும் ஹெபடைடிஸ் பி தொற்றாது. கொசுவாலும் தொற்றாது. இங்கே டெங்கிப் பேச்சு எப்போதும் காதில் விழுவதால் கொசு எல்லா நோயையும் கொண்டுவரும் என்ற எண்ணம் வந்துவிடுகிறது.

தாய்ப்பால் கொடுக்கலாம். குழந்தைக்குப் பிறந்தவுடன் தடுப்பூசி போட்டிருந்தால் தயங்காமல் கொடுங்கள். மார்புக் காம்பு வெடித்து ரத்தம் வந்தால் மட்டும் ஆறும்வரை மருத்துவரிடமோ தாதியிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் அறையில் ஒருவருக்கு இருக்கிறது என்று தெரிந்தால், இன்று இரவு அவரைக் கூப்பிட்டு எல்லோரோடும் உட்கார வைத்துச் சாப்பிடுங்கள். இதையும் ஒரு படியாகத்தான் சொல்கிறேன்.

நான்காம் படி: ரத்தம் பரிசோதியுங்கள்

வேலை அனுமதிச் சீட்டுக்கான மருத்துவப் பரிசோதனையில் தேறிவிட்டோம், அதனால் ஒரு நோயும் இல்லை என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் பரிசோதனை காசநோய், எச்.ஐ.வி., சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றைப் பார்ப்பது. ஹெபடைடிஸ் பி அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே நீங்களாகக் கேட்டால்தான் உங்களுக்குத் தெரியவரும்.

இந்தியாவில் இந்தத் தடுப்பூசி நாடு முழுவதும் குழந்தைகளுக்கான அரசுத் திட்டத்துக்குள் வந்து சேர்ந்தது 2011இல். சிங்கப்பூரிலோ 1985இல் கிருமி உள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கும், 1987இலிருந்து பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் போடத் தொடங்கிவிட்டார்கள். உங்களோடு வேலை செய்யும் இளம் சிங்கப்பூரர் பெரும்பாலும் ஊசி போட்டவராக இருப்பார். நீங்கள் போட்டிருக்க வாய்ப்புக் குறைவு.

மருந்தகத்தில் இப்படிக் கேளுங்கள்: "எனக்கு ஹெபடைடிஸ் பி ரத்தப் பரிசோதனை வேண்டும், மூன்றும் பார்த்துவிடுங்கள்." அந்த மூன்றில் முதலாவது எச்.பி.எஸ். ஆன்டிஜென், இது இருந்தால் கிருமி இப்போது உடலில் இருக்கிறது என்று பொருள். இரண்டாவது எச்.பி.எஸ். ஆன்டிபாடி, இது 10 அலகும் அதற்கு மேலும் இருந்தால் உங்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறது. மூன்றாவது எச்.பி. கோர் ஆன்டிபாடி, முன்பு எப்போதாவது தொற்றியதா என்று சொல்லும். மூன்றும் இல்லையென்றால் நீங்கள் ஊசி போட வேண்டியவர். தாளில் 'ரியாக்டிவ்' என்று இருந்தால் 'இருக்கிறது' என்றும், 'நான்-ரியாக்டிவ்' என்றால் 'இல்லை' என்றும் படியுங்கள். இரண்டாவதான எச்.பி.எஸ். ஆன்டிபாடிக்கு நேரே 'ரியாக்டிவ்' என்று பார்த்துவிட்டு இரவெல்லாம் தூங்காமல் வந்தவரை எனக்குத் தெரியும். அவருக்கு அது நல்ல செய்தி.

சமீபத்தில் தொற்றியிருந்தால் பரிசோதனையில் உடனே தெரியாமல் போகலாம். அறிகுறி வருவதற்கும் ஒன்று முதல் ஆறு மாதம் ஆகும். நேற்று நடந்ததற்கு இன்று செய்யும் பரிசோதனை பதில் சொல்லாது. மறுபடி எப்போது வர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே போவது? விடுதியில் தங்குபவர்களும் கட்டுமானம், கப்பல்பட்டறை போன்ற துறைகளில் வேலை செய்பவர்களும் 2022 ஏப்ரலிலிருந்து முதலாளி வாங்கும் அடிப்படை மருத்துவத் திட்டத்தில் இருப்பார்கள். உங்கள் வட்டார மருத்துவ நிலையத்தில் முதலில் கேளுங்கள். இந்தப் பரிசோதனையும் ஊசியும் அதில் அடங்குமா, தனிக் கட்டணமா என்று கேட்டுவிட்டுக் கையை நீட்டுங்கள். ஹெல்த்சர்வ் போன்ற தொண்டமைப்புகள் ஊழியர்களுக்காகக் குறைந்த கட்டணத்தில் மருந்தகம் நடத்துகின்றன. பலதுறை மருந்தகங்களுக்கும் (அரசு பாலிகிளினிக்) போகலாம், ஆனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கிடைக்கும் அரசு மானியம் அங்கே உங்களுக்குக் கிடைக்காது. தமிழ் பேசும் தாதியோ மருத்துவரோ இருக்கிறாரா என்று முகப்பில் கேளுங்கள். பல இடங்களில் இருப்பார்கள்.

ஐந்தாம் படி: மூன்று ஊசி, ஆறு மாதம்

இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதம் ஒன்று. பெரியவர்களுக்கு வழக்கமான முறை இதுதான். மூன்றாவது ஊசிதான் பலருக்குத் தவறிப்போகிறது. ஊருக்கு விடுப்பில் போகிறார்கள், தள மாற்றம் வருகிறது, மறந்துவிடுகிறது. தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போட்டால் போதும். ஊசி அட்டையைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். மற்ற இரண்டு தேதிகளையும் அன்றே நினைவூட்டலில் போட்டுவிடுங்கள். முதல் ஊசிக்கு முன் மூன்றுக்கும் சேர்த்து எவ்வளவு ஆகும் என்று இரண்டு மருந்தகங்களில் விசாரியுங்கள், விலை இடத்துக்கு இடம் மாறும்.

துணைக்குக் கிருமி இருப்பவர்களும், மருத்துவத் துறையில் வேலை செய்பவர்களும் கடைசி ஊசிக்கு ஒன்று இரண்டு மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நிரந்தரவாசம் அல்லது குடியுரிமை பெற்றவர்களுக்குத் தேசியப் பெரியவர் தடுப்பூசித் திட்டத்தில் இந்த ஊசி இருக்கிறது, மெடிசேவ் (மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பணத்தைப் பயன்படுத்தலாம்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு வார்த்தை. இங்கே பேறுகாலப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி வழக்கமாகப் பார்க்கப்படும். தாய்க்குக் கிருமி இருந்தால் குழந்தை பிறந்த 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியும், கிருமியை எதிர்க்கும் சக்தியை நேராகத் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடுவார்கள். தாயின் ரத்தத்தில் கிருமி மிக அதிகமாக இருந்தால் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கிருமியை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரையும் தருவார்கள். பிரசவத்துக்கு ஊருக்குப் போவதாக இருந்தால் உங்கள் பரிசோதனைத் தாளைக் கையோடு கொண்டுபோய் அங்குள்ள மருத்துவரிடம் முன்கூட்டியே காட்டுங்கள். நீங்கள் பிரசவ அறைக்குப் போகும் முன்பே குழந்தைக்கான அந்த ஊசிகள் மருத்துவமனையில் தயாராக இருக்க வேண்டும்.

ஆறாம் படி: ஊசி குத்திவிட்டால், ரத்தம் பட்டுவிட்டால்

துப்புரவு வேலையில் குப்பைப் பைக்குள்ளிருந்து ஊசி குத்தலாம். வேலைத்தளத்தில் அடிபட்டவரைத் தூக்கும்போது உங்கள் கையிலிருக்கும் வெட்டுக் காயத்தில் அவர் ரத்தம் படலாம். உடனே சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். கண்ணில் பட்டால் சுத்தமான தண்ணீரால் நன்றாக அலசுங்கள். காயத்தைப் பிசைந்து ரத்தம் வெளியேற்ற வேண்டாம், வாய் வைத்து உறிஞ்ச வேண்டாம், பிளீச் ஊற்ற வேண்டாம். மேற்பார்வையாளரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அன்றே மருத்துவரிடமோ மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கோ போங்கள்.

அவசரம் ஏனென்றால், ஊசி போடாதவருக்கு 24 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் தொற்றைத் தடுக்க நல்ல வாய்ப்பு உண்டு. தேவைப்பட்டால் இம்யூனோகுளோபுலினும் தருவார்கள். சனிக்கிழமை மாலை குத்தியதற்குத் திங்கட்கிழமை போகலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

தரையில் சிந்திய ரத்தத்துக்கு: கையுறை அணிந்து காகிதத் துணியால் ஒற்றி எடுங்கள். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். ரத்தம் பட்ட துணியைப் பையில் கட்டி எறியுங்கள்.

ஏழாம் படி: உங்களுக்கு இருக்கிறது என்று தெரிந்தால்

2022ஆம் ஆண்டுக் கணக்கில் உலகில் 25 கோடிக்கும் மேற்பட்டவர்கள் நாட்பட்ட ஹெபடைடிஸ் பி கிருமியோடு வாழ்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. வேலை செய்கிறார்கள், மணம் முடிக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். ஆறு மாதம் கழித்தும் கிருமி இருந்தால்தான் அதை நாட்பட்டது என்பார்கள். பிறகு பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டிவரும். தேவைப்படுபவருக்குக் கல்லீரல் ஸ்கேனும் எடுப்பார்கள். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று இதை விட்டுவிடுவதுதான் ஆபத்து. ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்து கல்லீரல் சுருக்கமாகவும் புற்றுநோயாகவும் வெளிப்படக்கூடிய நோய் இது. எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. தொடங்கியவர்கள் தாமாக நிறுத்தக்கூடாது, ஊருக்குப் போகும்போது போதிய மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மதுவை விட்டுவிடுங்கள், இதில் கொஞ்சம் என்ற பேச்சு வேண்டாம்.

ரத்ததானம் செய்யக்கூடாது. காயத்தை மூடி வையுங்கள். பல் மருத்துவரிடமும், எந்த அறுவை சிகிச்சைக்கு முன்னும் சொல்லுங்கள். துணையிடம் சொல்லுங்கள். மற்றபடி அறையில் யாரிடம் சொல்வது என்பது உங்கள் முடிவு. ரேசரும் பிரஷும் தனியாக இருக்கும்வரை நீங்கள் யாருக்கும் தீங்கு செய்யவில்லை.

எட்டாம் படி: ஊருக்கு ஒரு தொலைபேசி

பட்டுக்கோட்டைத் தம்பிக்கு இந்தப் படிதான் மிகக் கடினமாக இருந்தது. அவருக்குப் பிறப்பில் வந்திருக்கலாம் என்றால் அம்மாவுக்கும் இருக்கலாம், அண்ணனுக்கும் தங்கைக்கும் இருக்கலாம். தங்கைக்கு அடுத்த மாதம் திருமணம். "அம்மாவால்தான் வந்தது என்று சொன்னால் அவர் உடைந்துபோவார் அண்ணா" என்றார். நாங்கள் இருவரும் மருந்தகத்துக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து என்ன சொல்வதென்று எழுதிப் பார்த்தோம். கடைசியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, எனக்குக் கல்லீரலில் ஒரு கிருமி இருக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறேன். வீட்டில் எல்லோரும் ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டுமென்று டாக்டர் சொல்கிறார். இல்லாதவர்களுக்கு ஊசி போட்டால் போதும்." எங்கிருந்து வந்தது என்ற பேச்சையே எடுக்கவில்லை. அதைச் சொல்லாததால் யாருக்கும் ஒன்றும் குறையவில்லை.

நீங்கள் பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: இந்தியாவில் 2018 ஜூலை 28 முதல் தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் நடக்கிறது. மாவட்டத் தலைநகரிலுள்ள அரசு மருத்துவமனையில் அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் போய், 'ஹெபடைடிஸ் பி, எச்.பி.எஸ். ஆன்டிஜென் பரிசோதனை' என்று இந்தச் சொற்களிலேயே கேட்க வேண்டும். பரிசோதனையும் சிகிச்சையும் அந்தத் திட்டத்தில் இலவசம். 'மஞ்சள் காமாலை டெஸ்ட்' என்று பொதுவாகக் கேட்டால் வேறு ஏதாவது பார்த்து அனுப்பிவிடக்கூடும். வாயால் சொன்னால் மறந்துவிடும், அந்தப் பெயரைக் கைப்பேசியில் எழுதி அனுப்பிவிடுங்கள்.